ஓடாதவன் படித்த ஓட்டங்கள்

தபாற்காரர் புத்தகப் பொதியொன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனால் எங்கள் வீட்டில் ஒரு சிறு நாடகம் நடைபெறுவது வழக்கம். நான் பொதியை அவிழ்த்துப் புத்தகத்தை வெளியே எடுப்பேன். என் மனைவி அட்டையைப் பார்ப்பாள். அட்டையிலே யாரோ ஒருவர் வியர்வை வழிய ஓடிக்கொண்டிருப்பார். அல்லது மட்டையை ஓங்கியபடி நிற்பார். "இஞ்சாருங்கோ, படலைமட்டும் நடந்தாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. உங்களுக்கு ஏன் இந்த ஓட்டப் புத்தகங்கள்?" என்று கேட்பாள்.

கேள்வி நியாயமானதே. விளையாட்டு நூல்களைப் படித்து மதிப்புரை எழுதுவதில் ஐம்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நான், என் வாழ்நாளில் ஓர் ஓட்டத்திலேனும் வென்றவனல்லன். பாடசாலைக் காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியிலே சாக்கோட்டத்தில் ஒருமுறை கலந்துகொண்டேன். பத்தடி சென்றதும் குப்புற விழுந்தேன். எழுந்தபோது போட்டி முடிந்து பரிசும் கொடுத்தாகிவிட்டது.

அன்று என்னைத் தூக்கி நிறுத்தியவர் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். நாங்கள் அவரை மாஸ்ரர் என்றே அழைப்போம். முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "தம்பி, உமக்குக் கால் ஓடாது, கை ஓடும் போலிருக்கிறது. இந்தக் கொப்பியைப் பிடியும்" என்று சொல்லி, முடிவுக் கோட்டுக்கருகே ஒரு வாங்கில் என்னை இருத்தினார். அன்று தொடக்கம் பாடசாலையை விட்டு வெளியேறும்வரை, ஓடியவர் பெயர், இல்லம், நேரம், தூரம், உயரம் யாவற்றையும் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையதாயிற்று. விளையாட்டைக் குறித்து எழுத நான் கற்றுக்கொண்ட முதற் பள்ளிக்கூடம் அந்த வாங்குதான்.

அக்காலத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஓடுவதும் பாய்வதும் பெருங் கனவுகளாயிருந்தமைக்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1958ஆம் ஆண்டு ரோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். அப்பொழுது எனக்கு வயது பத்து. அந்த வாரம் எங்கள் ஊரிலே கயிறு கட்டிப் பாயாத முற்றமே இல்லை. கொடிக் கயிறுகளைக் காணாமல் தாய்மார் தேடித் திரிந்தனர்.

முடிவு தெரிந்த கதை

பதினான்காவது வயதில் பாடசாலை வாசிகசாலையிலே ஒரு புத்தகம் என் கையிற் கிடைத்தது. இங்கிலாந்து ஓட்ட வீரர் றொஜர் பனிஸ்ரர் 1955இல் வெளியிட்ட சுயசரிதை அது. ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடங்களுக்குள் ஓடிமுடித்த முதல் மனிதர் அவர். 1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, ஒக்ஸ்போர்ட் நகரத்து இவ்லி வீதி மைதானத்தில், 3 நிமிடம் 59.4 விநாடியில் அந்த ஓட்டத்தை அவர் முடித்தார் என்பது உலகம் அறிந்த செய்தி. புத்தகத்தைத் திறக்குமுன்னரே முடிவு எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், அந்த ஓட்டத்தைக் கூறும் பக்கங்களை வாசித்தபோது என் உள்ளங்கை வியர்த்தது.

ஏன் வியர்த்தது என்று பல நாள் யோசித்தேன். காத்தவராயன் கூத்துப் பார்க்கப் போகிறவர்கள் கதையின் முடிவை அறியாமலா போகிறார்கள்? கழுமரம் ஏறப்போகிறவன் எவன் என்பது பாலகனுக்கும் தெரியும். ஆயினும் விடியும்வரை பாய் விரித்து இருக்கிறார்கள். முடிவைத் தெரிந்துகொள்ள எவரும் கூத்துப் பார்ப்பதில்லை; அந்த முடிவுக்கு ஒரு மனிதன் எவ்வாறு வந்து சேர்ந்தான் என்பதைக் காணவே பார்க்கிறார்கள். நல்ல விளையாட்டு நூலும் அத்தகையதே.

பனிஸ்ரர் அப்போது ஒரு வைத்திய மாணவர். அன்று காலையிலும் வைத்தியசாலைக்குச் சென்றவர். அங்கிருந்த ஆய்வுகூடத்துச் சாணைக் கல்லில்தான் தமது சப்பாத்தின் ஆணிகளைத் தீட்டிக்கொண்டார். பின்னர் புகையிரதத்தில் ஒக்ஸ்போர்ட்டுக்குப் பயணமானார். மாலையிலே பலமான காற்று வீசியது; ஓடுவதா விடுவதா என்று கடைசிவரை அவர் மனம் அலைந்தது. அருகிலிருந்த தேவாலயக் கொடி தளர்ந்து தொங்கக் கண்ட பின்னரே துணிந்தார். கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சற்றவேயும் ஒருவர்பின் ஒருவராக முன்னே ஓடி வேகத்தைக் காத்துக் கொடுத்தனர். 46 நாள்கள் கழித்து, ஜூன் 21ஆம் திகதி, அவுஸ்திரேலியரான ஜோன் லண்டி பின்லாந்திலே அந்தச் சாதனையை முறியடித்துவிட்டார். சாதனை அழிந்தது; சாணைக் கல்லும் கொடியும் என் நெஞ்சில் அழியாமல் நிற்கின்றன. விநாடி பழையதாகும், அந்த விநாடிக்குப் பின்னால் நின்ற மனிதன் பழையவனாவதில்லை.

இந்த உண்மையை நான் பதினான்கு வயதிலேயே கண்டுகொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். கண்டேன்; பின்னர் மறந்தேன். மறந்ததனால் நேர்ந்த பிழையைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு கதிரையும் இரண்டு உலகங்களும்

பல்கலைக்கழகத்தில் படித்த நாள்களில் வேறொரு நூல் என்னை ஆட்கொண்டது. திரினிடாட் தீவைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியோண்ட் எ பவுண்டரி' என்னும் நூல் அது. கிறிக்கெற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் அதற்கு நிகரானது இல்லை என்று கூறுவோர் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

ஜேம்ஸ் தமது பிள்ளைப் பருவத்து வீட்டை வர்ணிக்கிறார். யன்னலோரத்தில் ஒரு கதிரை. அதன்மேல் ஏறி நின்றால் வெளியே கிறிக்கெற் மைதானம் தெரியும். அதே கதிரையிலிருந்து யன்னற் கட்டில் ஏறிக் கையை நீட்டினால் அலுமாரியின் மேலிருக்கும் புத்தகங்கள் எட்டும். விளையாட்டும் வாசிப்பும் அந்தச் சிறுவனுக்கு ஒரே இடத்திலிருந்து கிடைத்தன. அயலிலே மத்தியூ பொண்ட்மன் என்று ஒருவன் இருந்தான். வேலைவெட்டி இல்லாதவன், வாய் பொல்லாதவன், ஜேம்ஸ் வீட்டாரின் கண்ணுக்குக் கீழானவன். ஆனால் அவன் மட்டை பிடித்து ஒரு முழங்காலை மடித்துப் பந்தை அடிக்கும்போது, பார்த்து நிற்கும் கூட்டம் பெருமூச்செறியும். ஊர் இகழ்ந்த ஒருவனிடத்தில் இத்தகைய அழகு எவ்வாறு வந்தது என்னும் கேள்வி அந்தச் சிறுவனை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

அந்நூலில் என்னை அதிகம் உலுக்கியது ஜேம்ஸின் ஒப்புதலே. திரினிடாட்டிலே கழகங்கள் தோலின் நிறத்தாலும் குடும்பத்தின் தரத்தாலும் பிரிந்து கிடந்தன. கறுத்த மக்களின் ஷனன் கழகத்திற் சேர்வதா, மாநிறத்து நடுத்தர வகுப்பாரின் மேப்பிள் கழகத்திற் சேர்வதா என்ற நிலை இளைஞரான ஜேம்ஸுக்கு ஏற்பட்டது. அவர் மேப்பிளிலே சேர்ந்தார். அது தவறு என்பதைப் பின்னர் உணர்ந்தார். அதனை மறைக்காமல் எழுதியும் வைத்தார். பிற்காலத்தில், பிராங்க் வொறலை மேற்கிந்தியத் தீவு அணிக்குத் தலைவராக்க வேண்டுமென்று ஜேம்ஸ் தமது பத்திரிகையில் வாதாடினார். 1960ஆம் ஆண்டு அவுஸ்திரேலியா சென்ற அணிக்கு வொறல் தலைவரானார். ஒரு முழுத் தொடருக்கும் தலைமை ஏற்ற முதலாவது கறுப்பர் அவரே. இளமையிலே தான் செய்த பிழையை ஒப்புக்கொண்டவரின் வாதத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அங்கே கண்டேன்.

நான் செய்த பிழை

படிப்பை முடித்து ஆசிரியனாகி, பத்திரிகையொன்றுக்கு நூல் மதிப்புரைகள் எழுதத் தொடங்கினேன். 1974ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஜேம்ஸின் நூலைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கு இருபத்தாறு வயது. பேனாவிலே மை நிறைந்திருந்தது. தலையிலே கனமும் நிறைந்திருந்தது.

அதே ஆண்டிலே ஒரு சிறு நூல் மதிப்புரைக்கு வந்தது. எண்பது பக்கம் இருக்கும். மங்கலான தாள், உள்ளூர் அச்சகம். எழுதியவர் எங்கள் மாஸ்ரர். ஓய்வுபெற்ற பின்னர், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் எங்கள் பகுதிப் பாடசாலைகளிலே நடைபெற்ற மெய்வல்லுநர் போட்டிகளைப் பற்றிய தமது நினைவுகளை எழுதி, ஓய்வூதியப் பணத்தைக் கொண்டு தாமே அச்சிட்டிருந்தார்.

நூலில் குறைகள் இல்லாமலில்லை. வசனங்கள் தட்டுத்தடுமாறின. பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள், நேரங்கள், உயரங்கள். 1938ஆம் ஆண்டுப் போட்டியொன்றில் ஒரு மாணவன் 100 யார் தூரத்தை 9.10 விநாடியில் ஓடினான் என்று ஓரிடத்தில் அச்சாகியிருந்தது. எனக்கு வேண்டிய இரை கிடைத்துவிட்டது. அமெரிக்கரான ஜெஸி ஓவன்ஸ் 1935இல் சமன்செய்த உலக சாதனையே 9.4 விநாடிதான். 'ஓவன்ஸ் பெர்லினுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் பனங்காட்டுக்கு வந்து பாடம் கேட்டிருக்கலாம்' என்று எழுதினேன். 'வரவு இடாப்பை வாசிக்க விரும்புவோர் இந்நூலை வாங்கலாம்' என்று முடித்தேன். பத்திரிகை வெளியான ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையிலே பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்து நாள் சென்றபின் ஒரு மாலைப்பொழுதில் மாஸ்ரர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று எண்ணினேன். அவர் திட்டவில்லை. திண்ணையில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பின்னர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பழைய கொப்பியிற் கிழித்த தாள், அவருடைய கையெழுத்து. 'பக்கம் 41. 9.10 அன்று; 10.9.' அச்சுக்கோத்தவர் எண்களை முன்பின்னாக வைத்துவிட்டார். கண் மங்கியதால் சரவை பார்க்கும்போது தமக்கும் தென்படவில்லை என்று சொன்னார்.

"சேர், அடுத்த கிழமை திருத்தம் போட்டுவிடுகிறேன்" என்றேன்.

அவர் எழுந்து சைக்கிளைப் பிடித்தார். படலையடியில் நின்று, "தம்பி, நேரத்தைப் பார்த்தீர். ஓடினவனைப் பார்க்கவில்லை" என்றார். அவ்வளவே. போய்விட்டார்.

அடுத்த கிழமை நான் திருத்தம் எழுதவில்லை. நாலு வரிதானே, பிறகு எழுதலாம் என்று விட்டேன். என் கெட்டித்தனத்தை நானே அழிப்பதா என்ற வெட்கமும் இருந்தது. மாதங்கள் சென்றன. ஒருநாள் பாடசாலையிலே மாஸ்ரரின் மரண அறிவித்தலை வாசித்தார்கள். துண்டுக் காகிதத்தை அந்தப் புத்தகத்தின் 41ஆம் பக்கத்திலே வைத்து மூடினேன். அதன்பின் பல ஆண்டுகள் அதைத் திறக்கவில்லை.

எரிந்தவையும் எஞ்சியதும்

1981ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆம் திகதி பிறந்த இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின என்று கணக்குச் சொல்வார்கள். ஏட்டுச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் அவற்றுள் அடங்கும். பின்னர் வந்த போர்க்காலத்திலே பாடசாலைகள் இடம்பெயர்ந்தன, கட்டிடங்கள் இடிந்தன. நான் முடிவுக் கோட்டருகே இருந்து எழுதிய கொப்பிகளும், எனக்கு முன்னிருந்தோர் எழுதியவையும் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது நாங்களும் புறப்பட்டோம். ஜேம்ஸின் நூலை விட்டுவந்தேன்; பனிஸ்ரரின் நூலையும் விட்டுவந்தேன். மாஸ்ரரின் சிறு நூல் மட்டும் எங்களுடன் வந்தது. அதன்மேலுள்ள மதிப்பினால் வந்தது என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. என் பிறப்புச் சாட்சிப் பத்திரம் மடிந்துபோகாதிருக்க என் மனைவி அதை அந்தப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். பத்திரத்தோடு புத்தகமும் பிழைத்தது.

மீண்டும் அதைத் திறக்க வைத்தது இன்னொரு புத்தகம். இந்திய வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா 2002இல் வெளியிட்ட 'ஏ கோர்னர் ஒவ் எ ஃபொறின் ஃபீல்ட்' என்னும் கிறிக்கெற் வரலாறு அது. அதிலே பல்வங்கர் பாலு என்ற பந்துவீச்சாளரின் கதை வருகிறது. தோல் தொழில் செய்யும், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவர் பாலு. பூனா நகரத்து இந்துக் கழகத்தார் வெற்றிக்காக அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். ஆனால் தேநீர் வேளையிலே அவருக்கு மட்டும் வெளியே, மண் கோப்பையிலே தேநீர் கொடுத்தார்கள். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணியிலே நூற்றுக்கு மேற்பட்ட விக்கெற்றுகளை வீழ்த்தியவர் அவர். அப்படிப்பட்டவரை இந்து அணிக்குத் தலைவராக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பதவி கிடைத்தது.

மண் கோப்பையைப் பற்றி வாசித்தபோது எங்கோ இதை முன்னர் வாசித்திருக்கிறேனே என்று தோன்றியது. எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். மாஸ்ரரின் நூல், பக்கம் 41. நான் கேலி செய்த எண்ணுக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. அந்த மாணவன் முதலாவதாக வந்தான். தேநீர் வேளையிலே அவனுக்கு மட்டும் வேலிக்கு வெளியே சிரட்டையில் தேநீர் ஊற்றினார்கள். 'நான் பொறுப்பாசிரியன், நான் கிளாசிலே குடித்தேன், அவனோடு போய் நின்று சிரட்டையிற் குடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அந்த வெட்கம் இன்றும் இருக்கிறது' என்ற கருத்தில் மாஸ்ரர் எழுதியிருந்தார்.

சம ஆசனம், சம போசனம் என்ற குரல் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே இருபதுகளிலேயே எழுந்துவிட்டது. அந்தக் குரல் வேலியோரத்துச் சிரட்டைவரை செல்ல எத்தனை காலம் எடுத்தது என்பதற்கு அந்த இரண்டு வரிகள் சாட்சி. ஜேம்ஸ் தமது பிழையை ஒப்புக்கொண்டதை ஒரு பத்தி முழுவதும் வியந்து எழுதிய நான், அதே ஆண்டிலே, என்னை வளர்த்த மனிதரின் ஒப்புதலை வாசிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். வெளிநாட்டில் அச்சாகி வந்த உண்மை எனக்கு இலக்கியமாகத் தெரிந்தது. உள்ளூர்த் தாளில் அச்சான உண்மை வரவு இடாப்பாகத் தெரிந்தது.

எண்ணும் வேண்டும்

அப்படியானால் நேரமும் தூரமும் முக்கியமில்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். மிக முக்கியம். எண்ணைச் சோதிக்காத மதிப்புரையாளன் உப்புப் பார்க்காத சமையற்காரனைப் போன்றவன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க ஓட்ட வீராங்கனை மரியன் ஜோன்ஸ் 2004ஆம் ஆண்டிலே படங்கள் நிறைந்த சுயசரிதையொன்றை வெளியிட்டார். தாம் ஊக்கமருந்து உட்கொண்டதில்லை என்று அந்நூலிலே பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருந்தார். 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில், உட்கொண்டது உண்மை என்று அவரே ஒப்புக்கொண்டு, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே பெற்ற ஐந்து பதக்கங்களையும் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சிட்னிப் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்திலே மூன்றாவதாக வந்தவர் எங்கள் நாட்டுச் சுசந்திகா ஜயசிங்க. அவருடைய நேரம் 22.28 விநாடி, இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடையே நூற்றில் ஒரு விநாடிதான் வித்தியாசம். வெண்கலமாக இருந்த அவருடைய பதக்கம் 2009ஆம் ஆண்டிலேதான் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஒரு புத்தகத்திலே அச்சான பொய் யாரோ ஒரு தூரதேசத்தவரின் விவகாரமன்று. அது இலங்கைப் பெண்ணொருத்தியின் ஒன்பது ஆண்டுகள்.

ஆகவே விளையாட்டு நூலை மதிப்பிடுவோன் இரண்டையும் பார்க்க வேண்டும். எண் சரியா என்று பார்க்க வேண்டும். எண் பிழையாயிருந்தால் அது பொய்யா, கைப்பிழையா என்றும் ஆராய வேண்டும். ஜோன்ஸின் நூலிலே தாள் நல்லது, அச்சு நல்லது, எழுத்துப் பிழை இல்லை; உண்மைதான் இல்லை. மாஸ்ரரின் நூலிலே அச்சுப் பிழை இருந்தது, உண்மையும் இருந்தது.

ஒரு பேர்த்தியின் கடிதம்

2016ஆம் ஆண்டு கனடாவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய மாணவர் ஒருவர் மூலம் என் விலாசத்தைப் பெற்று ஓர் இளம்பெண் எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டனார் 1938ஆம் ஆண்டிலே ஒரு பெரிய ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் என்று வீட்டிலே சொல்வார்களாம். கேடயம் இல்லை, சான்றிதழ் இல்லை, படம் இல்லை. எல்லாம் இடம்பெயர்வுகளிலே போய்விட்டன. 'பாட்டா பொய் சொல்லக்கூடியவர் அல்லர். ஆனால் என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அந்த ஓட்டம் உண்மையிலே நடந்ததா?' என்று கேட்டிருந்தாள். கடிதத்தின் அடியிலே பாட்டனாரின் பெயர் இருந்தது. 41ஆம் பக்கத்துப் பெயர்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்திரிகைப் பிரதி எரிந்துவிட்டது. பாடசாலைக் கொப்பி தொலைந்துவிட்டது. அந்த மனிதர் ஓடினார் என்பதற்கு உலகத்திலே எஞ்சியிருந்த சாட்சி, நான் வரவு இடாப்பு என்று நகைத்த நூலின் ஒரு பிரதியும், நான் அச்சேற்றாமல் ஒளித்துவைத்த ஒரு துண்டுக் காகிதமுமே.

மறுநாள் பதில் எழுதினேன். பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன். அச்சிலுள்ள 9.10 பிழை, ஆசிரியர் தம் கையால் எழுதித்தந்த 10.9 என்பதே சரி என்று விளக்கித் துண்டுக் காகிதத்தையும் படமெடுத்து அனுப்பினேன். பெருமை குறைந்துவிட்டதே என்று அந்தப் பெண் வருந்துவாளோ என்ற தயக்கம் இருந்தது. உலக சாதனையை வென்ற பாட்டன் வேறு. பாடசாலைப் போட்டியில் வென்ற பாட்டன் வேறல்லவா? சிரட்டையைப் பற்றிய வரிகளையும் மறைக்கவில்லை.

இரண்டு கிழமைக்குள் மறுமொழி வந்தது. பாட்டனார் தம் நேரத்தைச் சொல்லும்போதெல்லாம், 'பதினொன்றுக்குள்ளே ஓடினேன்' என்றுதான் சொல்வாராம். ஒருநாளாவது கூட்டிச் சொன்னதில்லையாம். சிரட்டையைப் பற்றி மட்டும் அவர் வீட்டில் எவருக்கும் வாய் திறந்ததில்லை. 'அதை எழுதிவைத்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்' என்று அவள் எழுதியிருந்தாள். சொல்வதற்கு அவர் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஊரிலும் ஒரு மாஸ்ரர் இருப்பார். அவருடைய அலுமாரியிலே கொப்பி ஒன்று கிடக்கும். 1954ஆம் ஆண்டு பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமியைப் போலவும், 2024ஆம் ஆண்டு காலமான எதிர்வீரசிங்கத்தைப் போலவும் புகழ்பெற்றோரை உலகம் ஓரளவு நினைவில் வைத்திருக்கும். வேலியோரத்திலே நின்று தேநீர் குடித்தவனை எழுதிவைக்க நீங்கள்தான் வேண்டும். அழகாக எழுத வராதே என்று அஞ்ச வேண்டாம். பெயரை எழுதுங்கள், ஆண்டை எழுதுங்கள், சரவையை மட்டும் இன்னொருவர் கண்ணாலும் பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுதெல்லாம் மதிப்புரைக்கு ஒரு சிறு நூல் வந்தால், அதை இரண்டு முறை வாசித்த பின்னரே பேனாவைத் தொடுகிறேன். முதல்முறை எண்களுக்காக, இரண்டாம் முறை ஓடியவருக்காக. படலைமட்டும் நடந்தாலே மூச்சு வாங்கும் எனக்கு ஏன் இந்த ஓட்டப் புத்தகங்கள் என்று கேட்ட என் மனைவிக்கும் இதைத்தான் விடையாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

மாஸ்ரருக்கு நான் கொடுத்த வாக்கொன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடனாக நிற்கிறது. அடுத்த கிழமை என்று சொன்னேன். இந்தக் கிழமைதான் வந்திருக்கிறது.

திருத்தம்: 1974ஆம் ஆண்டு நான் எழுதிய மதிப்புரையிலே எடுத்துக்காட்டிய நேரம் தவறானது. பக்கம் 41. 9.10 அன்று; 10.9.